ஜாதகம் பொருந்தியது, கணக்குதான் பொருந்தவில்லை

கென்யாவில் தேர்தல் முடிவில் தில்லுமுல்லு என்று புகார் கிளம்பினால், அதைச் செய்தவனை யாரும் தேடுவதில்லை. அடுத்த தேர்தலுக்கு ஜோடி தேடுவார்கள். "நான் போட்ட வாக்கு எங்கே?" என்று கேட்டவனுக்கு, "கொஞ்சம் பொறு தம்பி, இந்தத் தடவை அருமையான வரன் பார்த்திருக்கிறோம்" என்று பதில் வரும். மக்கள் நம்பிக்கை இழந்துவிட்டார்களாம். அதை மீட்க அதிபர் வேட்பாளர் ஒருவரும் துணை அதிபர் வேட்பாளர் ஒருவரும் மேடையேறி, கோத்த கைகளை உயர்த்திக் காட்டினால் போதுமாம். பதினெட்டு வருடமாக இதே கல்யாணத் தரகுதான் நடக்கிறது. தம்பதிகள் மாறினார்கள், மண்டபங்கள் மாறின. தரகர்கள் மட்டும் மாறவில்லை. தொலைந்த வாக்கும் கிடைக்கவில்லை.

அடுத்த தேர்தல் 2027 ஆகஸ்ட் 10. நைரோபியில் ஜாதகக் கட்டுகளை இப்போதே பிரித்தாகிவிட்டது.

என்ன பொருத்தம் பார்ப்பார்கள்? 2010 அரசியல் சட்டப்படி, அதிபராக வேண்டுமென்றால் பாதிக்கு மேல் வாக்கு வேண்டும். அதோடு 47 மாவட்டங்களில் குறைந்தது 24-ல் கால் பங்கு வாக்கும் வேண்டும். துணை அதிபருக்குத் தனித் தேர்தல் கிடையாது. அதிபர் வென்றால் கூடவே அவரும் வென்றார். நல்ல எண்ணத்தில் எழுதிய விதிகள்தான். தன் சமூகத்தின் வாக்கை மட்டும் மடியில் கட்டிக்கொண்டு எவரும் ஆட்சிக்கு வந்துவிடக் கூடாது, மற்றவர் வாசலிலும் போய் நிற்கட்டும் என்று நினைத்து எழுதினார்கள். தரகர்கள் அதைக் கூட்டல் கணக்காகப் படித்தார்கள். கிகுயு வாக்கு இத்தனை, கலெஞ்சின் வாக்கு இத்தனை, லுவோ இத்தனை, லூயா இத்தனை, கம்பா இத்தனை. எந்த இரண்டைச் சேர்த்தால் பாதி தாண்டும்? இது முதல் பொருத்தம், இனப் பொருத்தம். அடுத்தது பணப் பொருத்தம். மூன்றாவது அடக்கப் பொருத்தம்: இரண்டாம் இடத்தில் இருப்பவர் முதலிடத்தை ஆசையாகப் பார்க்கக் கூடாது. நான்காவது வழக்குப் பொருத்தம். அது என்ன என்பது பின்னால் வருகிறது, பொறுங்கள். வாக்குச்சாவடியில் எண்ணிய எண்ணும் நைரோபியில் அறிவித்த எண்ணும் பொருந்துகின்றனவா என்ற பொருத்தத்தைப் பார்க்கத்தான் யாருக்கும் நேரமில்லை.

இந்தத் தரகு ஏன் பிழைப்பாக மாறியது என்று தெரிய 2007 டிசம்பர் 27-க்குப் போக வேண்டும். பதவியில் இருந்தவர் ம்வாய் கிபாகி, எதிர்த்து நின்றவர் ரைலா ஒடிங்கா. ஐந்து வருடம் முன்பு, 2002-ல், "கிபாகியே போதும்" என்று மேடையில் அறிவித்து அவரை அதிபராக்கியவர் இதே ரைலாதான். அந்த உறவு முறிந்துதான் இந்தப் போட்டி. எண்ணத் தொடங்கியபோது ரைலா முன்னால் இருந்தார். பிறகு சில இடங்களிலிருந்து கணக்கு வரத் தாமதமானது. வந்தபோது கிபாகி முன்னால் இருந்தார். டிசம்பர் 30 மாலை, கிபாகி சுமார் 2,31,000 வாக்குகளில் வென்றதாகத் தேர்தல் ஆணையத் தலைவர் சாமுவேல் கிவுய்ட்டு அறிவித்தார். கொஞ்ச நேரத்துக்குள், இருட்டும் வேளையில், அதிபர் மாளிகைப் புல்வெளியில் பதவியேற்பே முடிந்துவிட்டது. அன்றே தொலைக்காட்சி நேரலைகளுக்குத் தடை வந்தது. அடுத்த சில நாட்களில் கிவுய்ட்டு நிருபர்களிடம், கிபாகி உண்மையிலேயே வென்றாரா என்று தனக்குத் தெரியாது என்றார். வெற்றியை அறிவித்தவருக்கே தெரியாத வெற்றி! உலகத்தில் எந்த நடுவரும் இவ்வளவு நேர்மையாகவும் இவ்வளவு தாமதமாகவும் பேசியதில்லை.

தென்னாப்பிரிக்க நீதிபதி யோஹான் கிரீக்லர் தலைமையில் விசாரணை ஆணையம் உட்கார்ந்தது. வாக்காளர் பட்டியலில் சுமார் 12 லட்சம் பேர் இறந்தவர்கள் என்றது. எண்ணிக்கை அந்த அளவுக்கு நாறிப்போயிருந்ததால், உண்மையில் வென்றவர் யார் என்று கண்டுபிடிக்கவே முடியாது என்றும் சொல்லிவிட்டது. அதாவது கென்யாவில் அன்றைக்கு அதிபர் இருந்தார். வென்றவர்தான் யார் என்று யாருக்கும் தெரியாது.

இறந்தவர்கள் பட்டியலில் வாக்காளர்களாக இருந்தார்கள். உயிரோடிருந்தவர்களில் 1,133 பேர் அடுத்த இரண்டு மாதத்தில் இறந்தவர்களானார்கள். நீதிபதி பிலிப் வாக்கி ஆணையம் எண்ணிய கணக்கு இது. அந்தத் தேர்தலில் ஒழுங்காக எண்ணப்பட்டது இது ஒன்றுதான். அவர்களில் 405 பேர் துப்பாக்கிக் குண்டுபட்டுச் செத்தவர்கள். 2008 புத்தாண்டு அன்று எல்டோரெட் நகரை ஒட்டிய கியம்பாவில், உயிருக்குப் பயந்து தேவாலயத்துக்குள் ஒளிந்த பெண்களையும் குழந்தைகளையும் அதோடு சேர்த்துக் கொளுத்தினார்கள். அவர்கள் கிகுயுக்கள். அதே மாதக் கடைசியில் நைவாஷாவில், ஒரு வீட்டுக்குள் அடைந்து கிடந்தவர்களை வீட்டோடு எரித்தார்கள். அவர்கள் லுவோக்கள். ஆறு லட்சம் பேர் வீடிழந்தார்கள். யாரோ ஒருவர் யாரோ ஒருவருக்காகக் கூட்டல் கணக்கைத் திருத்தியதன் பலன் இது.

சமாதானம் பேச கோஃபி அன்னான் வந்தார். பேச்சு நடந்த இடம் நைரோபி செரீனா ஓட்டல். மேசையில் யார் யார் எந்தப் பக்கம் உட்கார்ந்தார்கள் என்பதை வாசகர்கள் தயவுசெய்து குறித்துக்கொள்ள வேண்டும். இந்தக் கட்டுரை முழுக்க அந்தப் பெயர்கள்தான் வரப்போகின்றன. கிபாகி தரப்பில் நீதித்துறை அமைச்சர் மார்த்தா கருவா, மோசஸ் வெட்டாங்குலா. ரைலா தரப்பில் முசாலியா முடவாடி, வில்லியம் ரூட்டோ. கிபாகியின் வெற்றி செல்லும் என்று மேசையைத் தட்டி வாதாடியவர் கருவா. அது திருட்டு என்று வாதாடியவர் ரூட்டோ. மூன்றாம் இடத்தில் வந்த கலோன்சோ முசியோகா இந்தத் தலைவலி எதுவுமில்லாமல், பிணங்கள் விழுந்துகொண்டிருந்த ஜனவரியிலேயே கிபாகியின் துணை அதிபராகிவிட்டார்.

பிப்ரவரி 28-ல் ஒப்பந்தம் கையெழுத்தானது. கிபாகி அதிபராகவே இருப்பார், ரைலாவுக்காகப் பிரதமர் பதவி ஒன்று உண்டாக்கப்படும். அங்கே இதற்கு அரை ரொட்டி என்று பெயர். இரண்டு பக்கத்துக்கும் அரை அரை ரொட்டி கிடைத்தது. செத்தவர்கள் குடும்பத்துக்குத் துணுக்குகூட விழவில்லை. ஆனால் அந்த ரொட்டி ஒரு பாடம் கற்றுக் கொடுத்தது: கணக்கைக் குழப்பு, தெரு எரியட்டும், வெளிநாட்டுப் பெரியவர் வருவார், பதவி பெருகும். அன்றைக்கு மேசையில் உட்கார்ந்தவர்கள் யாரும் அந்தப் பாடத்தை மறக்கவில்லை.

வாக்கி ஆணையம் குற்றவாளிகள் எனச் சந்தேகித்தவர்களின் பெயர்களை உறையிலிட்டு முத்திரை வைத்து அன்னானிடம் கொடுத்தது. உள்நாட்டிலேயே தனி நீதிமன்றம் அமையுங்கள், இல்லாவிட்டால் உறை ஹேக் நகரிலுள்ள சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்துக்குப் போகும் என்றார்கள். 2009 பிப்ரவரியில் நாடாளுமன்றம் தனி நீதிமன்றத்தைத் தோற்கடித்தது. "மழுப்பாதே, ஹேக்குக்கு விடு" என்று உறுப்பினர்கள் முழக்கமிட்டார்கள். ஹேக் தூரம், அங்கே எல்லாம் மெதுவாக நடக்கும் என்ற கணக்கு. உறை நிஜமாகவே ஹேக் போய்ச் சேர்ந்தது. அங்கிருந்து பெயர்கள் வெளியே வந்தபோது இரண்டு பெயர்கள் முன்னால் நின்றன. கிகுயு பக்கம் உஹுரு கென்யாட்டா, நாட்டின் முதல் அதிபரின் மகன். கலெஞ்சின் பக்கம் வில்லியம் ரூட்டோ. மனித குலத்துக்கு எதிரான குற்றங்கள் என்பது குற்றச்சாட்டு. இருவரும் மறுத்தார்கள். 2007-ல் இவர்கள் எதிரெதிர் அணி. ஒருவர் தரப்பு மற்றவர் தரப்பைக் கொன்றதாகத்தான் வழக்கே.

நம்பிக்கையை மீட்க இதைவிடப் பொருத்தமான ஜோடி எங்கே கிடைக்கும்? தரகர்கள் துள்ளிக் குதித்தார்கள். நான்காவது பொருத்தம் என்று சொன்னேனே, வழக்குப் பொருத்தம், அது பத்துக்குப் பத்து. இருவருக்கும் ஒரே நீதிமன்றம், ஒரே கிரகக் கோளாறு, ஒரே பரிகாரம்: அதிபர் மாளிகை. 2012 டிசம்பரில் நிச்சயதார்த்தம் நடந்தது. இடையில் ஒரு சின்ன அபசகுனம். அதிபர் வேட்பாளர் இடத்தை முடவாடிக்கு விட்டுக் கொடுப்பதாக உஹுரு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார். பிறகு, இருண்ட சக்திகள் நெருக்கியதால் போட்ட கையெழுத்து என்று சொல்லிக் கழன்றுகொண்டார். ஒரு கையெழுத்துக்கே பேய் பிடிக்கும் நாட்டில் லட்சக்கணக்கான வாக்குகளுக்குப் பிடிக்காதா?

ஜோடி வெள்ளைச் சட்டை, சிவப்பு டையில் ஊர் ஊராகப் போனது. கிகுயுவும் கலெஞ்சினும் இனிச் சண்டை போட மாட்டார்கள், பாருங்கள், நாங்கள் இருவருமே ஒன்றாகிவிட்டோம் என்றது. பிரார்த்தனைக் கூட்டங்கள் நடந்தன. கண்ணீரும் கட்டித் தழுவலும் மேடையில் ஏராளம். மேடைக்குப் பின்னால் ரிஃப்ட் பள்ளத்தாக்கில் வீடு எரிந்தவர்கள் ஐந்தாவது வருடமாகக் கூடாரத்தில் இருந்தார்கள். யாரும் அவர்களிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அவர்கள் பெயரில் மன்னிப்பு வழங்கப்பட்டுவிட்டது. கொன்ற பக்கத்தின் தலைவர் என்று குற்றம் சாட்டப்பட்டவரும், இன்னொரு பக்கத்தின் தலைவர் என்று குற்றம் சாட்டப்பட்டவரும் தங்களுக்குள் சமாதானமாகிவிட்டால், செத்தவன் வீட்டார் என்ன பேச முடியும்? எதிர் ஜோடி எப்படி என்று கேட்பீர்கள். அங்கே ரைலாவும், 2008 ஜனவரியில் கிபாகியின் துணை அதிபராகப் போன அதே கலோன்சோவும். நாடு பிழைத்த மாதிரிதான்.

2013 மார்ச் 4, வாக்குப்பதிவு. இந்த முறை மோசடிக்கே இடமில்லை, எல்லாம் மின்னணு என்று சொல்லியிருந்தார்கள். கைரேகை பார்த்து வாக்காளரை அடையாளம் காணும் கருவிகள் வந்தன. மின்சாரமே இல்லாத பள்ளிக்கூட அறைகளில் அவற்றின் பேட்டரிகள் தீர்ந்தன. முடிவுகளை நைரோபிக்கு அனுப்பும் கருவிகளும் படுத்தன. திரையில் செல்லாத வாக்குகள் மளமளவென்று ஏறின. மென்பொருள் கோளாறில் எட்டால் பெருகிவிட்டது என்று ஆணையம் விளக்கம் சொன்னது. கடைசியில் உஹுரு வென்றார்: 50.07 விழுக்காடு. பாதியைத் தாண்ட வேண்டிய இடத்தில் ஒரு மயிரிழை தாண்டியிருந்தது. உச்ச நீதிமன்றம் மார்ச் 30-ல் வெற்றியை உறுதி செய்தது. கேள்வி கேட்டவர்களுக்கு ஊரே ஒரு பதிலைப் பாடம் பண்ணி வைத்திருந்தது: ஒப்புக்கொள், நடையைக் கட்டு.

அடுத்த வருடம் லண்டனில் ஒரு வழக்கு முடிந்தது. கென்யத் தேர்தல் அதிகாரிகளுக்கு லஞ்சம் கொடுத்து அச்சு வேலை பிடித்ததாக ஸ்மித் அண்ட் ஔஸ்மன் என்ற பிரிட்டிஷ் அச்சகத்துக்கு எதிரான குற்றம் நிரூபணமானது. லஞ்சத்துக்கு அவர்கள் கடிதங்களில் வைத்திருந்த ரகசியப் பெயர் "கோழி". வாக்குச் சீட்டு அடிக்கிறவன் கோழி அனுப்பினான், வாங்கினவன் விருந்து சாப்பிட்டான். இதில் நாடு முழுக்கப் பேசிய பேச்சு எந்த ஜோடிக்கு எந்த இனம் என்பதுதான். கோழி தின்றவர் எந்த இனம் என்று ஒருவரும் கேட்கவில்லை. தின்னும்போது அவர்களுக்குள் வேற்றுமையே கிடையாது.

ஹேக் வழக்கு என்ன ஆயிற்று? 2014 டிசம்பரில் உஹுரு மீதான குற்றச்சாட்டுகளை அரசுத் தரப்பு திரும்பப் பெற்றது. ஆதாரம் போதவில்லை, கென்ய அரசு ஒத்துழைக்கவில்லை என்றார்கள். அந்த அரசின் தலைவர் யார் என்று உங்களுக்கே தெரியும். 2016 ஏப்ரலில் ரூட்டோ மீதான வழக்கும் பாதியில் நிறுத்தப்பட்டது. விடுதலைத் தீர்ப்பு இல்லை, தண்டனையும் இல்லை. சாட்சிகளைக் கலைத்த விவகாரத்தையும் அரசியல் குறுக்கீட்டையும் நீதிபதிகளில் ஒருவர் எழுதியே வைத்தார். பரிகாரம் பலித்துவிட்டது.

2017 ஆகஸ்ட் 8-ல் அதே ஜோடி மறுபடியும் நின்றது. வாக்குப்பதிவுக்குச் சில நாள் முன்பு, ஆணையத்தின் கணினிப் பிரிவை நடத்திய கிறிஸ் ம்சாண்டோ சித்திரவதை செய்யப்பட்டுப் பிணமாகக் கிடந்தார். கொன்றவர் யார் என்று இன்றுவரை நீதிமன்றத்தில் நிரூபணமாகவில்லை. உஹுரு 54 விழுக்காட்டில் வென்றதாக அறிவிப்பு வந்தது. கிசுமுவில் போலீஸ் வீடு புகுந்து அடித்ததில் ஆறு மாதக் கைக்குழந்தை ஒன்று செத்துப்போனது. அந்தக் குழந்தை எந்தக் கட்சிக்கும் வாக்களித்திருக்கவில்லை.

இந்த நீண்ட கதையில் ஒரே ஒரு முறை வைத்த குறி சரியான இடத்தில் பட்டது. செப்டம்பர் 1-ல், தலைமை நீதிபதி டேவிட் மரகா தலைமையில் உச்ச நீதிமன்றம் நான்குக்கு இரண்டு என்ற கணக்கில் தேர்தலையே ரத்து செய்தது. ஆப்பிரிக்காவில் அதுவரை எந்த நீதிமன்றமும் பதவியில் இருக்கும் அதிபரின் வெற்றியைச் செல்லாது என்று சொன்னதில்லை. வேட்பாளர் யாருடைய பிள்ளை, துணைக்கு எந்த இனம் என்றெல்லாம் நீதிபதிகள் கேட்கவில்லை. முடிவுகள் சேர்ந்த சர்வரைத் திற, சாவடிப் படிவங்களைக் காட்டு என்று கேட்டார்கள். ஆணையம் சர்வரைத் திறக்க மறுத்தது. திறக்காதவனுக்கு எதிராகவே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது என்றது நீதிமன்றம். அவ்வளவுதான் விஷயம். பத்து வருடம் இத்தனை தரகர்களும் கண்டுபிடிக்காத மருந்து.

அதிபர் என்ன செய்தார்? நீதிபதிகளை அயோக்கியர்கள் என்று சந்தையில் நின்று ஏசினார். பிறகு கவனித்துக்கொள்கிறோம் என்றார். மறுதேர்தல் அக்டோபர் 26-க்குக் குறித்தார்கள். ஆணையத்தைச் சீர்திருத்தாமல் நிற்க மாட்டேன் என்று ரைலா விலகினார். ஆணையர்களில் ஒருவரான ரோஸ்லின் அகோம்பே உயிருக்குப் பயந்து நியூயார்க்குக்கு ஓடினார். தேர்தலைத் தள்ளிவைக்கக் கோரிய மனு முந்தைய நாள் விசாரணைக்கு வந்தபோது, உச்ச நீதிமன்றத்துக்கு இரண்டே நீதிபதிகள் வந்தார்கள். உட்காரப் போதுமான எண்ணிக்கை இல்லை. துணைத் தலைமை நீதிபதியின் கார் ஓட்டுநர் அதற்கு முந்தைய மாலையில்தான் சுடப்பட்டிருந்தார். ஆக, திட்டமிட்டபடி தேர்தல் நடந்தது. பத்தில் நான்கு பேர்கூட வாக்களிக்க வரவில்லை. உஹுருவுக்கு 98 விழுக்காடு. எதிரி இல்லாத ஊரில் இவ்வளவு பெரிய பாசம்!

அப்புறம்? அப்புறம் என்ன, மறுபடியும் தரகு. 2018 ஜனவரியில் ரைலா தன்னை "மக்களின் அதிபர்" என்று அறிவித்துப் பைபிள் மேல் சத்தியம் செய்துகொண்டார். துணை அதிபராகச் சத்தியம் செய்ய வேண்டிய கலோன்சோ வரவில்லை. ஆறு வாரத்தில், மார்ச் 9 அன்று, ரைலாவும் உஹுருவும் வாசற்படியில் நின்று சிரித்துக் கைகுலுக்கினார்கள். கென்யர்கள் அந்தக் கைகுலுக்கலைப் பண்டிகை அளவுக்குப் பேசினார்கள். தேர்தல் ஆணையத்தைப் பற்றி ஒரு வரி? சர்வர்? ம்சாண்டோ? குழந்தை? எதுவுமில்லை. அதற்குப் பதிலாகப் பாலம் கட்டும் திட்டம் ஒன்று பிறந்தது: பிரதமர் ஒருவர், அவருக்குத் துணைகள் இருவர், அதிகாரபூர்வ எதிர்க்கட்சித் தலைவர், இன்னும் 70 தொகுதிகள். நோயின் காரணம் நாற்காலி குறைவு என்று கண்டுபிடித்தார்கள். தோற்றவருக்கும் நாற்காலி இருந்துவிட்டால் வாக்கை யார் எப்படி எண்ணினால் என்ன? உயர் நீதிமன்றம், மேல்முறையீட்டு நீதிமன்றம், 2022 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் என்று மூன்று படிகளிலும் அந்தப் பாலம் விழுந்தது.

உஹுரு ரைலாவோடு சேர்ந்ததால் ரூட்டோ தனியானார். 2022-க்கு வரன் பார்த்த வைபவத்தைத் தனியாகவே எழுதலாம். ரைலா தரப்பு துணை அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நேர்முகத் தேர்வுக் குழு ஒன்றை அமைத்தது. அறிவியல் முறைப்படி நம்பிக்கையை மீட்கிறார்கள்! இரண்டு முறை ரைலாவுக்குத் துணையாக நின்ற கலோன்சோ, என்னைப் போய் நேர்முகத்துக்குக் கூப்பிடுவது அவமானம் என்றார். பிறகு நேர்முகத்துக்குப் போனார். மே 16-ல் மார்த்தா கருவாவின் பெயர் அறிவிக்கப்பட்டதும், கூட்டணியை விட்டு விலகி, நானே அதிபர் வேட்பாளர் என்றார். இரண்டு வாரம் கழித்துத் திரும்பி வந்தார். அதற்கும் ஒரு பதவி பேசி முடித்திருந்தார்கள்.

கருவா யார்? செரீனா மேசை நினைவிருக்கிறதா? ரைலாவிடமிருந்து திருடப்பட்டதாகச் சொல்லப்பட்ட தேர்தலை, அது திருட்டே இல்லை என்று அடித்துப் பேசிய அமைச்சர். அவர்தான் இப்போது ரைலாவுக்கு நியாயம் வாங்கித் தரப்போகும் துணை. நேர்மையானவர் என்று பெயரெடுத்தவர், பெண், கிகுயு. மூன்று பொருத்தமும் அமோகம். 2008-ல் அவர் சொன்னது உண்மையா, 2022-ல் சொல்வது உண்மையா என்று கேட்பது கல்யாண வீட்டில் அபசகுனம். எதிர்ப்பக்கம் ரூட்டோ, செரீனாவில் ரைலாவுக்காக வாதாடியவர். அவரோடு முடவாடி, வெட்டாங்குலா. அன்றைய மேசையை அப்படியே திருப்பிப் போட்டிருந்தார்கள். நாற்காலிகள் அதேதான், பிட்டங்கள்தான் இடம் மாறியிருந்தன.

ரூட்டோவின் ஜோடிக்கு அவர் வீட்டில் ராத்திரியெல்லாம் பேச்சு நடந்தது. பேராசிரியர் கிதுரே கிண்டிகியைத்தான் கென்யா மலைப் பகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் அதிகம் விரும்பினார்கள் என்று செய்தி. ஆனால் ரிகாதி கச்சாகுவாவைத் தேர்ந்தெடுத்தார்கள். மலைப் பகுதியின் வாக்கை மொத்தமாக அள்ளி வருபவர் என்பதுதான் தகுதி. கிண்டிகி, கொஞ்ச காலம் தேர்தல் அரசியலே வேண்டாம் என்று ஒதுங்கினார்.

இத்தனை கூத்துக்கும் நடுவில், யாரும் மாலை போட்டு வரவேற்காத ஒரு நல்ல காரியம் நடந்தது. சாவடியில் எண்ணிக் கையெழுத்துப் போடும் படிவத்துக்கு 34-ஏ என்று பெயர். சாவடிக் கணக்குத்தான் இறுதி, நைரோபியில் உட்கார்ந்து அதை மாற்ற எவருக்கும் அதிகாரமில்லை என்று மைனா கியாய் முதலானோர் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017-லேயே தீர்ப்புச் சொல்லியிருந்தது. மரகாவின் தீர்ப்பும் சேர்ந்து கழுத்தில் கத்தியாக நின்றதால், 2022-ல் ஆணையம் 46,229 சாவடிகளின் 34-ஏ படிவங்களையும் படமெடுத்து இணையத்தில் போட்டது. செல்போன் வைத்திருந்த எவரும் கூட்டிப் பார்க்கலாம். பத்திரிகைகள் கூட்டின, கல்லூரிப் பிள்ளைகள் கூட்டினார்கள். இந்தப் பதினெட்டு வருடத்தில் கென்யனுக்குக் கிடைத்த உருப்படியான நம்பிக்கை அந்தப் படங்கள்தான். எந்த ஜோடியும் அதைத் தரவில்லை. வழக்குப் போட்டவர்கள் பிடுங்கிக் கொடுத்தார்கள்.

அதையும் சும்மா விட்டார்களா? ஆகஸ்ட் 15-ல் முடிவை அறிவிக்கும் நேரத்தில் ஏழு ஆணையர்களில் நான்கு பேர் எழுந்து வெளியே போய், முடிவை ஏற்க மாட்டோம் என்றார்கள். எங்கே நின்று சொன்னார்கள் தெரியுமா? செரீனா ஓட்டலில். விழுக்காடுகளைக் கூட்டினால் 100.01 வருகிறது என்பது அவர்களுடைய பெரிய குற்றச்சாட்டு. 2007-ல் லட்சக்கணக்கான பிணங்களின் பெயர் பட்டியலில் இருந்தபோது வராத கணித ஞானம், தசமப் புள்ளிக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தது. ரூட்டோவுக்கு 50.49, ரைலாவுக்கு 48.85. உச்ச நீதிமன்றம் ஒருமனதாக உறுதி செய்தது.

நம்பிக்கையை மீட்க வந்த ஜோடி எத்தனை நாள் வாழ்ந்தது? பதவியேற்ற கொஞ்ச நாளில், ஆட்சி என்பது பங்குக் கம்பெனி மாதிரி, வாக்குப் போட்டவர்களுக்குத்தான் பங்கு என்று கச்சாகுவா வெளிப்படையாகவே பேசினார். தரகர்கள் மறைவில் பேசுவதை அவர் ஒலிபெருக்கியில் பேசினார். அவர் செய்த தப்பு அதுதான். 2024 அக்டோபரில் நாடாளுமன்றம் அவரைப் பதவிநீக்கம் செய்தது. மேலவை வாக்களித்த இரவில் அவர் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் இருந்தார். அவருடைய இடத்துக்கு அதே கிண்டிகியைக் கூட்டி வந்தார்கள். ஒரு வாக்காளர்கூட இந்த இரண்டாவது ஜோடிக்கு வாக்களிக்கவில்லை. சட்டப்படி எல்லாம் சரி.

அதற்கு முன்பே, 2024 ஜூன் 25-ல், நிதி மசோதாவின் வரிகளை எதிர்த்து இளைஞர்கள் நாடாளுமன்றத்துக்குள் புகுந்தார்கள். அவர்கள் ஜோடி கேட்கவில்லை, இனம் கேட்கவில்லை, தலைவரே வேண்டாம் என்றார்கள். அதனால்தான் தரகர்கள் நடுங்கினார்கள். துப்பாக்கி பேசியது. அந்தப் போராட்ட மாதங்களில் இறந்தவர்கள் என்று தேசிய மனித உரிமை ஆணையம் எண்ணியது அறுபது பேரை. பிறகு வழக்கமான பரிகாரம்: ரூட்டோ அமைச்சரவையைக் கலைத்தார், ரைலாவின் ஆட்களை அமைச்சர்களாக்கினார், நிதித்துறையையே அவர்கள் கையில் கொடுத்தார். பிள்ளைகள் தெருவில் செத்தார்கள். மாமன்மார்கள் அரை ரொட்டி வாங்கினார்கள். 2025 மார்ச்சில் ரைலாவும் ரூட்டோவும் ஒப்பந்தமே போட்டுக்கொண்டார்கள். ஐந்து முறை அதிபர் தேர்தலில் நின்ற ரைலா, அக்டோபர் 15 அன்று, ஆயுர்வேத சிகிச்சைக்கு வந்த இடத்தில், நம் பக்கத்துக் கேரளத்தின் கூத்தாட்டுக்குளத்தில் காலை நடையின்போது சரிந்து இறந்தார். எண்பது வயது. உடல் நைரோபி போனது. அஞ்சலி செலுத்த வந்த கூட்டத்தின் மேலும் சுட்டார்கள்; சிலர் செத்தார்கள். அந்த நாட்டில் துக்கம் கொண்டாடவும் உயிரைப் பணயம் வைக்க வேண்டியிருக்கிறது.

இத்தனையும் நடந்தபோது தேர்தல் ஆணையம் எங்கே இருந்தது? எங்கேயும் இல்லை. 2023 ஜனவரியில் தலைவரின் பதவிக்காலம் முடிந்தது. முடிவை ஏற்க மறுத்த நால்வரும் போனார்கள். 2025 ஜூலை வரை, இரண்டரை வருடம், கென்யாவுக்கு ஆணையர் ஒருவர்கூடக் கிடையாது. பனிஸா தொகுதியின் உறுப்பினர் 2023 மார்ச்சில் இறந்தார். அந்த மக்களுக்கு அடுத்த உறுப்பினர் கிடைக்க 2025 நவம்பர் ஆயிற்று. துணை அதிபரைத் தூக்கவும் புதியவரை வைக்கவும் ஒரு மாதம் போதுமாக இருந்தவர்களுக்கு, எண்ணுவதற்கு ஆள் வைக்க இரண்டரை வருடம் தேவைப்பட்டது. அவர்களுக்கு எது அவசரம், எது அவசியமில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இப்போது 2027 தேர்தலுக்கு வருவோம். கச்சாகுவா, கலோன்சோ, கருவா எல்லோரும் ரூட்டோவுக்கு ஒரே தவணைதான் என்று கோஷமிட்டபடி ஒரே பந்தியில் உட்கார்ந்திருக்கிறார்கள். யாருக்கு யார் துணை என்பதுதான் பேச்சு. தேர்தலை ரத்து செய்த மரகாவே வேட்பாளராகக் களம் இறங்கியிருக்கிறார். நல்ல மனிதர். ஆனால் அவர் நாட்டுக்குச் செய்த பெரிய நன்மை, நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்து சர்வரைத் திற என்று கேட்டதுதான். அதைக் கேட்க அவர் எந்த ஜோடியிலும் இருக்கவில்லை. இனி அந்த நாற்காலியில் இருப்பவர் அதே கேள்வியைக் கேட்பாரா என்பதுதான் கென்யாவின் கவலையாக இருக்க வேண்டும்.

மேடையில் உயரும் கைகளைப் பார்த்து வாக்களிக்கிறவன், அந்தக் கைகள் நாளை யாரோடு குலுங்கும் என்று தெரியாமலே வாக்களிக்கிறான். ஆகவே கென்ய வாக்காளனிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். உன் ஊருக்கு எந்த ஜோடி வந்தாலும் துணை எந்த இனம் என்று கேட்காதே. 34-ஏ படிவம் சாவடிக் கதவில் ஒட்டப்படுமா, இணையத்தில் வருமா, சர்வரை நீதிமன்றம் கேட்டால் திறப்பீர்களா, சுட்ட போலீஸ்காரன் கூண்டில் ஏறுவானா என்று கேள். இந்த நான்குக்கும் எழுத்தில் பதில் தராத ஜோடியை வாசலோடு திருப்பி அனுப்பு.

ஏனென்றால், 2007-ல் கணக்கு பிசகியதால் செத்த 1,133 பேருக்காக ஹேக் நீதிமன்றம் இன்றுவரை ஒருவரையும் தண்டிக்கவில்லை. அந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்களில் இருவர், ஒருவர் பின் ஒருவராக, அந்த நாட்டின் அதிபரானார்கள்.